வாய் திறந்து சொன்னால்தான் சம்மதம்

செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் இறங்கிய உடனே எங்களோடு வந்த புத்த பிக்குவைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. மழித்த தலை, அரக்கு நிறச் சீவரம், தோளில் தொங்கும் கரிய பிச்சைப் பாத்திரம். வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "சாமி எந்த மடம்?" என்று கேட்டார். பினாங்கு என்றேன். "வந்தவாசிக்கு அந்தாண்ட கீதா?" என்றார். ஆமாம், கொஞ்சம் தள்ளி என்றேன். கப்பலில் இத்தனை நாள் வந்தவளுக்கு அவ்வளவு விளக்கம் சொல்லத் தெம்பு இல்லை.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தெருவின் ஒரு முனையில் மாரியம்மன் கோயில், மறு முனையில் சின்னதாக ஒரு புத்த விகாரை. எனக்கு இரண்டு வீட்டுச் சாப்பாடும் பிடிக்கும். கோயிலில் தீ மிதிப்பவர்களுக்கு மோர் கரைப்பதும் நான்தான், விகாரைக்குத் தானம் தருகிறவர்கள் கூடும் தாயக சபையில் செயலாளரும் நான்தான். பிக்குகளை நாங்கள் பந்தே என்று அழைப்போம், ஐயா என்பது போல. எங்களோடு வந்த பந்தே பர்மாவில் பிறந்தவர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். அவருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம்.

இந்தப் பயணத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் விகாரையின் பெரிய பிக்கு காலமாகிவிட்டார். அடுத்துத் தலைமை ஏற்கத் தகுந்தவர் இருவர் இருந்தார்கள். ஒருவர் வயதானவர், வாயைத் திறந்தால் திட்டு. மற்றவர் இந்தப் பந்தே, சிரித்த முகம். சபையைக் கூட்டி இவர் பெயரை நான் முன்மொழிந்தேன். இவர் தலை குனிந்து பேசாமல் இருந்தார். புத்தர் பெருமானே ஒருவர் வீட்டுக்கு உண்ண அழைத்தால் மௌனமாக இருந்துதான் ஏற்றுக்கொள்வாராம். மௌனம் சம்மதம் என்று நான் அறிவித்தேன், பாயசம் பரிமாறினோம். மறுநாள் பந்தே வந்து, தலைமை ஆசனத்தில் உட்காருவதற்கு முன் பழைய காலத்துப் பிக்குகள் கப்பல் ஏறிய தமிழ்க் கடற்கரையைப் பார்த்து வரவேண்டும் என்றார். இவர் அப்படியே காசி, கயா என்று போய்த் திரும்பாமலே இருந்துவிட்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? அதனால் நானும் கிளம்பினேன். ஒரு பெண்ணோடு பிக்கு தனியாகப் பயணம் செய்யக் கூடாது என்பதால் எங்கள் வீட்டுக்காரரும் வந்தார். பிக்கு பணத்தைத் தொடக் கூடாது, அதனால் பையும் குடையும் டிக்கெட்டும் அவர் பொறுப்பு.

முதல் நாள் சோதனை திருக்கழுக்குன்றத்தில் வந்தது. மாமல்லபுரம் போகும் எங்கள் பஸ் டயர் பஞ்சராகி அங்கே படுத்துவிட்டது. நடுப்பகல் தாண்டினால் பந்தே எதையும் மென்று தின்னக் கூடாது. மறுநாள் விடியும்வரை தண்ணீர்தான். வீட்டுக்காரர் ஹோட்டலுக்கு ஓடினார், வெறுங்கையோடு திரும்பினார். இட்லி தீர்ந்துவிட்டதாம், சாப்பாடு பன்னிரண்டுக்கு மேல்தானாம். எங்கள் ஊரில் பதினொரு மணிக்கே தட்டு தட்டாகக் கொண்டுவந்து விகாரையை நிரப்பிவிடுவார்கள். இங்கே ஹோட்டல் அடுப்புக்கும் புத்த விதிக்கும் சரியாக ஒத்துவராத அந்த ஒரு மணி நேரத்தில் மாட்டிக்கொண்டோம்.

ஊரோ மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. உச்சியில் இரண்டு கழுகுகள் வந்து பொங்கல் சாப்பிடும் நேரம் அது. "கழுகுக்குக்கூட வேளா வேளைக்குச் சோறு கிடைக்கிறது" என்று நான் புலம்பியதைப் பக்கத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கேட்டுவிட்டார். குடும்பத்தோடு மலையேறிவிட்டு வந்தவர். தூக்குவாளியைத் திறந்து புளிச்சோற்றைப் பந்தேயின் பாத்திரத்தில் போட்டார். "புள்ளைங்களுக்குக் கீது, சாமி சாப்பிடட்டும்" என்றார்.

சாப்பிட்டு முடித்துப் பந்தே பாலியில் ஏதோ ஓதினார். என்ன சொன்னார் என்று அந்த அம்மாள் கேட்டார். "உங்களுக்குக் கிடைத்த புண்ணியத்தில் இந்த மலையில் இருக்கும் தெய்வங்களுக்கும் பங்கு கொடுத்தார்" என்றேன்.

அவர் கணவர் சிரித்தார். "சாமிக்கே நம்ம பங்கு குடுக்கறதா? நம்ம கேக்கற எடம் ஆச்சே அது."

இதைப் பந்தேயிடம் சொன்னேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தெய்வங்கள் இல்லை என்று எங்கள் நூல்கள் சொல்லவில்லை, நம்மைவிட உயரத்தில், நம்மைவிட நீண்ட ஆயுளோடு இருக்கிறார்கள் என்றார். ஆனால் அவர்கள் முன்பு சேர்த்த புண்ணியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். சம்பாதிக்கும் கை மனிதனுடையது. அதனால்தான் நாம் அவர்களுக்குக் கொஞ்சம் அனுப்பி வைக்கிறோம். அம்மாள் இதை நான் தமிழில் சொல்லக் கேட்டுவிட்டு மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எந்த அர்த்தத்தில் கும்பிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

மாமல்லபுரத்தில் கல் தட்டும் சத்தத்தோடுதான் பொழுது விடிகிறது. விடுதிக்கு எதிரே ஒரு பட்டறையில் பாதிப் பிள்ளையார் வெளியே வந்திருந்தார். தெருவில் நீண்ட முடி வெள்ளைக்காரப் பிள்ளைகள் செருப்பில்லாமல் திரிந்தார்கள். பந்தேவைக் கண்டதும் அவர்களில் இருவர் காலில் விழுந்துவிட்டார்கள். பந்தே கூச்சத்தோடு இரண்டடி பின்னே போனார். காலில் விழுந்தவர்களிடம் இவ்வளவு தடுமாறுகிறவர் எப்படித் தலைமை ஆசனத்தில் உட்காரப் போகிறார் என்று எனக்குச் சிறு கவலை வந்தது. பழகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன்.

அர்ச்சுனன் தபசு என்று சொல்லும் பெரிய பாறைக்கு முன்னால் பந்தே காலை முழுக்க நின்றார். யானைகளை எல்லோரும் பார்க்கிறார்கள், அவர் பார்த்தது ஒற்றைக் காலில் நிற்கும் அந்த எலும்பு மனிதனை. "அக்கா, பாருங்கள். எத்தனை தேவர்கள் பறந்து வருகிறார்கள். எல்லோருடைய முகமும் எந்தப் பக்கம் இருக்கிறது? அந்த மனிதன் பக்கம்" என்றார். இது எங்கள் சிற்பம் இல்லை, ஆனால் எங்கள் எண்ணம்தான் என்றார். மேலே இருப்பவர்களுக்கு வசதி அதிகம், முடிவெடுக்க அவசியம் இல்லை. கீழே இருக்கும் விலங்குகளுக்கு முடிவெடுக்க வழியில்லை. நடுவில் மனிதன்தான், பாதி சுகம் பாதி துக்கம் என்று மாட்டிக்கொண்டு, இதைச் செய்யவா விடவா என்று யோசிக்கிறவன். அதனால்தான் மனிதப் பிறவி எளிதில் கிடைக்காத பிறவி.

"அப்படியானால் நீங்கள் முடிவெடுத்து அந்த ஆசனத்தில் உட்காரலாமே" என்றேன். தக்க சமயத்தில் சொன்னதாகத்தான் நினைத்தேன். பந்தே பாறையில் தவம் செய்யும் பூனையையும் அதைக் கும்பிடும் எலிகளையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. மௌனம் சம்மதம் என்று நான் மனத்துக்குள் இன்னொரு முறை உறுதி செய்துகொண்டேன்.

அடுத்த நாள் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் இடிந்த கோட்டையைப் பார்க்கக் கிளம்பினோம். பஸ்ஸில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். வீட்டுக்காரர் பையோடு பின் சீட்டில் இருந்ததால் பந்தேயின் பக்கத்து இடம் காலியாக இருந்தது. வழியில் ஏறிய ஒரு மீன்காரப் பெண் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தாள். பந்தே முள் குத்தினாற்போல் எழுந்து நின்றார்.

"இன்னா சாமி, மீன் நாத்தமா?" என்றாள் அவள்.

அது இல்லை, பிக்கு பெண்ணுக்கு அருகில் உட்காரக் கூடாது என்று நான் விளக்கினேன். அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆனால் விடவில்லை.

"அப்ப பெத்த ஆயி வந்தா இன்னா பண்ணுவாரு?"

"நின்று பேசுவார்."

"பேஜாரான சாமிதான்" என்றவள், பிறகு மனம் இளகி, "இன்னிக்கு எங்க குப்பத்துல நாட்டார் எடுக்கறாங்க. அம்மனுக்கு ஆடுவாங்க. கோட்டையில இன்னா கீது, வெறும் செவுரு. எங்க வூட்டுக்கு வாங்க" என்றாள். அவள் பெயர் கஸ்தூரி. நாட்டார் என்றால் மீனவர் ஊருக்குத் தலைவர். பழைய நாட்டார் இறந்துவிட்டார். தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நான் மொழிபெயர்த்ததும் பந்தேயின் முகம் மாறியது. போகலாம் என்று அவரே சொன்னார்.

கஸ்தூரியின் வீட்டில் பந்தே நடுப்பகலுக்குள் சாப்பிட்டார், நாங்கள் அதற்குப் பிறகு நிதானமாகச் சாப்பிட்டோம். வஞ்சிரக் குழம்பு. பினாங்கில் நாங்கள் மீனில் தேங்காய்ப் பாலை ஊற்றிச் சாந்தப்படுத்திவிடுவோம். இங்கே புளியும் மிளகாயும் மீனோடு சண்டைக்கு நிற்கின்றன. எங்கள் வீட்டுக்காரர் கண்ணில் நீர் வழிய மூன்றாவது முறை சோறு வாங்கினார்.

சாப்பிடும்போது கஸ்தூரி, "உங்க சாமிங்க எப்பிடி, சாவாத சாமியா?" என்று கேட்டாள். பந்தே சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். தேவர்களுக்கும் முடிவு உண்டு. ஒரு தேவருக்குக் காலம் நெருங்கினால் கழுத்து மாலை வாடும், உடை அழுக்காகும், அக்குளில் வேர்க்கும், மேனி மங்கும், உட்கார்ந்திருக்கும் ஆசனத்தில் இருப்புக் கொள்ளாது. அப்போது மற்ற தேவர்கள் அவரைச் சுற்றி நின்று வாழ்த்துவார்கள், நல்ல இடத்துக்குப் போய்ப் பிற என்று. அந்த நல்ல இடம் மனிதப் பிறவி.

கஸ்தூரி கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். "வேர்த்தா போயிடுமா? எங்க கண்ணியப்பனுக்கு அம்மா வந்தா தொப்பலா நனைஞ்சிடுவானே."

அது கண்ணியப்பனின் வேர்வை, அம்மனுடையது அல்ல என்று பந்தே சமாதானம் சொன்னார்.

"இருந்தாலும் பாவம்" என்றாள் அவள். "நம்ம வயித்துல வந்து பொறக்கணும்னு சாமிங்க ஆசப்படுதுன்னா, அதுங்களுக்கு நம்ம கஷ்டம் தெரியல."

இதை மொழிபெயர்த்தபோது பந்தே வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

வெயில் தாழ்ந்ததும் அம்மன் கோயில் முன் மணலில் ஊர் கூடியது. ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெண்கள் உலர்த்திய வலைகளுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். பம்பை அடித்தார்கள். கஸ்தூரி சொன்ன கண்ணியப்பனுக்கு அம்மன் வந்து ஆடினார். ஆடியபடியே ஏழுமலை என்று பெயர் சொன்னார். ஏழுமலை, செத்துப்போன நாட்டாரின் மூத்த மகன், நல்ல உயரம், கட்டுமரத் துடுப்பைப் போல் கைகள். நான் பந்தேயிடம், "முடிந்தது, தெய்வமே சொல்லிவிட்டது" என்றேன்.

முடியவில்லை. ஒரு பெரியவர் எழுந்து, "ஏழுமல, அம்மா உன்ன சொல்லிட்டா. உனுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். ஏழுமலை தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் சபையில் பந்தே உட்கார்ந்திருந்த அதே மாதிரி. இரண்டாம் முறை கேட்டார், மூன்றாம் முறை கேட்டார். பேச்சில்லை. சரி, பம்பை அடிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

"வாயில இன்னா கொயக்கட்டையா வச்சிகினு கீற? வாயத் தொறந்து சொன்னாத்தான் சம்மதம். சும்மா இருந்தா இல்லன்னு அர்த்தம்" என்றார் பெரியவர்.

பந்தே என் பக்கம் திரும்பி, "அவர் என்ன சொல் சொன்னார்?" என்று கேட்டார். தமிழே தெரியாத மனிதர், அந்த இரைச்சலில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்திருந்தார். சம்மதம். எங்கள் நூல்களில் உலகத்தின் முதல் அரசனுக்கு மகாசம்மதன் என்று பெயர் என்றார். அவன் வானத்திலிருந்து இறங்கியவன் இல்லை. வயல்களில் திருட்டும் சண்டையும் வந்தபோது மக்கள் தங்களில் ஒருவனிடம் போய், திட்ட வேண்டியவர்களைத் திட்டு, உனக்கு நெல்லில் பங்கு தருகிறோம் என்று கேட்டார்கள். அவனும் சரி என்றான். எல்லோரும் சம்மதித்த ஆள் என்பதுதான் அவன் பெயர். நாட்டாருக்கு இங்கே என்ன கிடைக்கும் என்று கேட்டார். கஸ்தூரியைக் கேட்டேன். "மீன்ல பங்கு. அப்பறம் ஊரு திட்டு" என்றாள்.

அதற்குள் ஏழுமலை எழுந்துவிட்டார். "எனுக்கு வாணாம். பாதி ஊரு எம் பொண்டாட்டி வூட்டுச் சனம். வல சண்ட வந்தா நா நாயம் சொல்ல மாட்டேன், எனுக்கே தெரியும்."

கண்ணியப்பன் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அம்மன் கோபிப்பாளோ என்று எனக்கே பயமாக இருந்தது. பெரியவர் கற்பூரம் ஏற்றி, "தாயே, நீ பேரு சொன்ன, நாங்க கேட்டோம். கடலுக்குப் போறது நாங்கதான்" என்று சாவதானமாகச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். கறுத்துக் குள்ளமாக இருந்த ஒருவர் எழுந்து, சம்மதம் என்று கத்தினார். வட்டம் முழுவதும், வலைக்கு இந்தப் பக்கம் பெண்களும்கூட, திருப்பிக் கத்தியது. கஸ்தூரி என் காது கிழியக் கத்தினாள்.

பஸ்ஸுக்காகச் சவுக்குத் தோப்பின் ஓரம் காத்திருந்தோம். பஸ் வருவதாகத் தெரியவில்லை. பந்தே தாமாகவே பேச்சைத் தொடங்கினார்.

"அக்கா, பிக்குகளின் சங்கத்தில் ஒரு காரியத்தை மூன்று முறை கேட்பார்கள். ஒப்புக்கொள்பவர்கள் பேசாமல் இருக்க வேண்டும், ஒப்பாதவர் பேச வேண்டும். நான் அன்று பேசாமல் இருந்தது ஒப்புக்கொண்டதால் இல்லை, பயத்தால். இன்று இந்த ஊர் வழக்கப்படி என்னைக் கேளுங்கள்."

நான் தயாராக இருந்தேன். "விகாரையின் தலைமையை ஏற்க உங்களுக்குச் சம்மதமா, பந்தே?"

"முதலில், ஊரைக் கேட்டீர்களா?"

"எல்லோரும் இருந்தார்கள், யாரும் மறுக்கவில்லை."

"புத்தரே தமக்குப் பின் ஒரு ஆளைத் தலைவராக வைத்துவிட்டுப் போகவில்லை. தர்மமே உங்களுக்கு ஆசான் என்றுதான் சொன்னார். அவர் செய்யாததை ஒரு வேளைப் பாயசத்தில் செய்துவிட்டோம். இங்கே இரண்டு பேர் இருக்கிறீர்கள். இந்த இருவரையாவது கேட்கலாம்."

எனக்குச் சம்மதம் என்று உரக்கச் சொன்னேன். "இவருக்கும்தான்" என்று வீட்டுக்காரர் பக்கம் கையைக் காட்டினேன்.

"எனக்குச் சம்மதமில்லை" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

பாத்திரப் பையையும் குடையையும் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "பந்தே நல்ல பிக்கு. யார் வந்து அழுதாலும் சரி என்று சொல்லிவிடுவார். சபையில் நாலு பேர் நாலு பக்கம் இழுத்தால் நாலு பக்கமும் போவார். அந்த வயதான பிக்கு திட்டுவார், ஆனால் அவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியும். நம்முடைய சபைக்கு அப்படி ஒருவர்தான் வேண்டும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இதை அன்றைக்கே சொல்வதற்கென்ன?"

"நீ என்னைக் கேட்கவில்லை. பாயசம் வந்துவிட்டது."

பந்தே அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சங்கத்தில் மறுத்துப் பேச ஒரு குரல் போதும் என்றார். "எனக்கும் சம்மதமில்லை, அக்கா. காசிக்கு ஓடமாட்டேன். உங்களோடு திரும்பி வருவேன், அந்த வயதான பிக்குவின் கீழ் சாதாரண பிக்குவாக இருப்பேன்." கப்பலில் ஏறியது முதல் அவர் முகத்தில் இருந்த சோர்வு போய்விட்டிருந்தது. நான் தோற்றுவிட்டேன் என்பதும், அது சரியான தோல்வி என்பதும் எனக்கு ஒரே நேரத்தில் தெரிந்தது. இரண்டாவது விஷயத்தை அவர்களிடம் சொல்லவில்லை.

பஸ்ஸில் பெண்கள் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து வந்தேன். அந்தப் பக்கம் இருவரும் அருகருகே தூங்கி வழிந்தார்கள். வீடு வாங்கியபோது, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, இந்தப் பயணத்துக்குக் கிளம்பியபோது அவர் என்ன சொன்னார் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். எதிலும் அவர் ஒன்றும் சொன்னதாக நினைவில்லை. எல்லாவற்றுக்கும் சம்மதித்தார் என்றுதான் நினைவிருந்தது.

காலையில் மாமல்லபுரத்து விடுதிக்கு எதிரே உள்ள ஹோட்டலில் நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்தோம். சர்வர் வந்து, "சாப்பிட இன்னா?" என்று கேட்டார். இரண்டு காப்பி என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திவிட்டு, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சர்வர் தோளில் கிடந்த துண்டால் மேஜையைத் துடைத்து முடிக்கும்வரை யோசித்தார்.

"டீ" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நான் காப்பிதான் போட்டுக் கொடுத்துவருகிறேன்.